கொழும்பில் பழைய வீட்டுக்கு மேல் மாடி எழுப்புவதற்கு முன்

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து, வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் பழைய வீடு வாங்குகிற குடும்பங்கள் அநேகமாக ஒரே கணக்கோடுதான் வாங்குகின்றன. கீழே நாங்கள் இருப்போம், மேலே ஒரு மாடி போட்டால் பிள்ளைக்கு ஆகும், இல்லாவிட்டால் வாடகைக்கு விடலாம். இந்த நகரத்துக் காணி விலைக்கு அது நியாயமான கணக்கு. ஆனால் முதல் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "அண்ணை, சதுர அடிக்கு இப்ப எவ்வளவு போகும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. இந்த வீடு இன்றைக்கு எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது? மாடி வந்தபின் எவ்வளவு சுமக்கப் போகிறது? அந்தப் பாரம் எந்த வழியாக இறங்கி மண்ணுக்குப் போகும்?

2017 மே மாதத்தில் வெள்ளவத்தை சவோய் தியேட்டர் பக்கத்தில் ஒரு பல மாடிக் கட்டடம் பட்டப்பகலில் இடிந்து விழுந்தது; உயிர்கள் போயின. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு அது நினைவிருக்கும், புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. கட்டடம் விழுவது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் சுவர் பிளப்பது, தளம் தொய்வது, பல்கனியின் அடிப்பக்கம் உதிர்வது எல்லாம் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் காணலாம். அவற்றில் அதிகமானவை கட்டத் தொடங்குவதற்கு முன்பே தவிர்த்திருக்கக் கூடியவை.

முதலில் பாரத்தைக் கிலோவில் பாருங்கள்

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் 5 அங்குலக் கொங்கிரீட் சிலாப் போட்டால், சதுர அடிக்கு ஏறத்தாழ 28 கிலோ. அறை 144 சதுர அடி. ஆகவே வெறும் சிலாப் மட்டும் 4 தொன். அதன் மேல் சாந்து, டைல், கீழ்ப்பக்கப் பூச்சு என்று இன்னும் ஒன்றரைத் தொன் அளவில் சேரும். மனிதர், கட்டில், அலுமாரி என்று வந்து போகும் பாரத்துக்கு, நம் பொறியியலாளர்கள் நீண்ட காலமாகப் பின்பற்றிய பிரித்தானிய விதிமுறைப்படி சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ வைக்க வேண்டும். அது இன்னும் 2 தொன்.

இதுவரை ஏழரைத் தொன். சுவரை இன்னும் தொடவே இல்லை. பூச்சோடு சேர்ந்த 9 அங்குலச் செங்கல் சுவர், 12 அடி நீளம் 10 அடி உயரத்துக்கு, 5 தொன்னுக்கு மேல் வரும். நாலரை அங்குல அரைக்கல் சுவரே சுமார் 3 தொன். நான்கு பக்கமும் 9 அங்குலச் சுவர் எழுப்பினால் 20 தொன்னைத் தாண்டிவிடும். சிலாப்தான் பாரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் மேல் மாடியில் சுவர்களே அதிக பாரம். "நடுவில ஒரு சின்னச் சுவர்தானே, அறையைப் பிரிச்சு விடுங்கோ" என்று வேலை பாதியில் நடக்கும்போது கேட்பதை நிறுத்தினாலே பல வீடுகள் தப்பும். அந்தச் சின்னச் சுவர் தளத்தின் நடுவில் ஏற்றப்பட்ட 3 தொன். கீழே பீம் எதுவும் அதற்கென்று இல்லை.

இப்போது அந்தப் பழைய வீடு எதைச் சுமந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். மரச்சட்டமும் அஸ்பெஸ்டஸ் தகடும், இல்லாவிட்டால் ஓடும். அது சதுர மீற்றருக்குச் சில பத்துக் கிலோ. அதை எடுத்துவிட்டு, சிலாப் மட்டுமே 300 கிலோ வரும் ஒன்றை வைக்கப் போகிறீர்கள்.

"எஞ்சினியர்மார் எப்படியும் கூடத்தானே போட்டிருப்பினம், தாங்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. கட்டடத்தின் சொந்தப் பாரத்தை 1.4 ஆலும், வந்து போகும் பாரத்தை 1.6 ஆலும் பெருக்கித்தான் கணக்குப் போடுவார்கள், அது உண்மை. அந்த மிச்சம் எதற்காக? கொங்கிரீட் நினைத்த அளவு பலமாக வராமல் போகலாம், தூண் அரை அங்குலம் விலகலாம், ஒரு கலியாண வீட்டில் ஐம்பது பேர் ஒரே அறையில் நிற்கலாம். இன்னொரு மாடிக்காக யாரும் அதை ஒதுக்கி வைக்கவில்லை. அதோடு, பழைய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பொறியியலாளரும் கணக்குப் போட்டதே இல்லை.

சுவர் தாங்குகிறதா, தூண் தாங்குகிறதா

வீட்டைச் சுற்றி ஒரு தடவை அளவு நாடாவோடு நடவுங்கள். ஜன்னல் ஓரத்தில் சுவரின் தடிப்பை அளக்கலாம். பூச்சோடு 10 அங்குலம் அளவில் வந்தால் அது 9 அங்குலச் சுவர். 5 அங்குலம், ஐந்தரை அங்குலம் என்றால் அரைக்கல். அரைக்கல் சுவர் மறைப்புக்கு நல்லது. மேல் மாடித் தளத்தை அதன் தலையில் ஏற்றக்கூடாது.

கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கபூக் கல்லும் (செம்புறைக் கல்) சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய தடித்த சுவர்களைக் காணலாம். பார்க்க உறுதியாக இருக்கும். "இது அந்தக் காலத்துச் சுவர் ஐயா, ரெண்டு மாடி என்ன, மூண்டும் தாங்கும்" என்று மேசன் பாஸ் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்லுகிறார். ஆனால் அந்தச் சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறி, சாந்து பொடியாகியிருக்கிறதா என்று பூச்சை உரித்துப் பார்த்தவர் யார்? ஓர் ஆணியால் சாந்தைச் சுரண்டுங்கள். விரலோடு மணலாகக் கொட்டினால், அந்தச் சுவர் நிற்பது அதன் சொந்தப் பாரத்தால் மட்டுமே. அதோடு இந்தப் பகுதிகளில் பல வீடுகளுக்கு நடுச்சுவர் பொதுவானது. பக்கத்து வீட்டுக்காரரின் கூரையும் அதில்தான் கிடக்கிறது. அதன்மேல் நீங்கள் தனியாக ஏற்ற முடியாது. சட்டப்படியும் பிரச்சினை, பாரத்தின்படியும் பிரச்சினை.

எண்பதுகளுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் கொங்கிரீட் தூண்கள் இருக்கலாம். மூலைகளில் தட்டிப் பாருங்கள், பூச்சில் ஒரு சதுரம் உரித்துப் பாருங்கள். சில வீடுகளில் மேலே தூண் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள், பிறகு மாடி போடலாம் என்ற எண்ணத்தில். அதைக் கண்டதும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். கம்பி நீட்டியிருப்பது அந்த நாளைய ஆசையைக் காட்டுகிறது. அத்திவாரம் அதற்கேற்ப போட்டார்களா என்பதை அது காட்டாது. கடலுக்கும் காலி வீதிக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் பத்துப் பதினைந்து வருடம் உப்புக் காற்றில் நின்ற கம்பி, தடிப்பாகத் தெரிந்தாலும் பாதி துரு. கம்பித் தூரிகையால் தேய்த்து, எஞ்சிய விட்டத்தை அளவுகோலால் பாருங்கள். புதுக் கம்பியை அதோடு சேர்த்துக் கட்டும்போது ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் விட்டத்தின் 40 மடங்குக்குக் குறையக் கூடாது. 12 மில்லிமீற்றர்க் கம்பிக்கு ஒன்றரை அடிக்குச் சற்று மேல். எட்டு அங்குலம் மட்டும் வெளியே நிற்கும் கம்பியால் பயனில்லை. துளையிட்டு வேதிப்பசை வைத்துப் புதுக் கம்பி நடுவதா, வேறு தூண் போடுவதா என்பதைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும்.

குழி தோண்டிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். சுவரோரமாக, இரண்டு மூன்று இடங்களில், இரண்டடி அகலத்தில் ஒரு குழி. அத்திவாரத்தின் அடி தெரியும்வரை. ஒரு ஆள் அரை நாளில் ஒன்றைத் தோண்டிவிடுவார். செலவு, ஒரு கதவின் விலைகூட வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது தேவையில்லாத வேலையாகத் தோன்றுவது இயல்பு. குடாநாட்டில் பல இடங்களில் சில அடி தோண்டினாலே சுண்ணாம்புக் கல் வந்துவிடும். அதன்மேல் வைத்தால் அசையாது. கொழும்பு அப்படி இல்லை. இங்கே மண் தெருவுக்குத் தெரு மாறும். மேட்டு நிலங்களில் கபூக், நல்ல உறுதி. கரையோரம் மணல். கொலன்னாவை, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை, பேலியகொடை, வத்தளை ஆகிய இடங்களின் தாழ்ந்த பகுதிகளிலும் கால்வாய்க் கரைகளிலும், சதுப்பை நிரப்பிய நிலம். மேலே ஐந்தாறு அடி சிவப்பு மண், அதன்கீழ் கறுத்த, பஞ்சுத் தன்மையான சேறு. தோண்டும்போது நீர் ஊறும், அழுகிய இலை மணம் வரும். அந்த மண் பாரம் ஏறிய அன்றைக்குத் தாழாது. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நீரை வெளியே விட்டுவிட்டு மெல்ல மெல்ல அமுங்கும். அதனால்தான் அங்கே புதுவீட்டில் முதல் வருடம் ஒன்றும் தெரியாமல், மூன்றாம் வருடம் கதவு இறுகத் தொடங்குகிறது.

குழிக்குள் என்ன பார்க்க வேண்டும்? அத்திவாரம் எவ்வளவு ஆழத்தில் முடிகிறது, அடியில் எவ்வளவு அகலம், கருங்கல்லும் சாந்துமா அல்லது கல்லை அடுக்கி மேலே பூசியதா, அடியிலுள்ள மண் என்ன நிறம், நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது. ஒரு மாடிக்காகக் கட்டிய கருங்கல் அத்திவாரம் பல இடங்களில் சுவரைவிடச் சற்றே அகலமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். கறுத்த மண் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். மண் பரிசோதனை செய்யாமல் மேலே போகக் கூடாது. கொழும்பு 5, ஜாவத்தை வீதியிலுள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செய்து தரும். தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் குழிகளையும் ஒரே நாளில் திறந்து வைக்காதீர்கள். ஒன்றைத் தோண்டி, பார்த்து, இறுக்கி மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் மழை குறைவு. குழி தோண்டவும் கூரை கழற்றவும் அந்த மாதங்களே வசதி.

யாரிடம் போவது

படம் வரைகிறவர் வேறு, பாரம் கணக்குப் பார்க்கிறவர் வேறு. கட்டட வரைஞர் அறைகளையும் ஜன்னல்களையும் அழகாகப் போட்டு, மாநகர சபைக்குக் கொடுக்கும் படத்தைத் தயார் செய்வார். தூணுக்கு எத்தனை கம்பி, பீமின் ஆழம் எவ்வளவு என்பதை அவர் வழக்கத்தை வைத்து எழுதியிருந்தால் அது கணக்கு இல்லை. கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் பட்டயப் பொறியியலாளராக இருக்கிறாரா என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொறியியல் பேரவையில் பதிவும் இருக்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல பொறியியலாளர் யாரும் இதற்குக் கோபிப்பதில்லை.

அவரை வீட்டுக்கு வரவழையுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி வாங்கும் ஆலோசனை போதாது. வந்தவர் குழியைப் பார்க்கவில்லை, பூச்சை உரிக்கச் சொல்லவில்லை, பத்து நிமிடத்தில் "போடலாம்" என்றார் என்றால் இன்னொருவரைத் தேடுங்கள். இருக்கிற தூண்களில் சந்தேகம் வந்தால், கொங்கிரீட்டுக்குள் கம்பி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவி, மேற்பரப்பில் அடித்துப் பலம் மதிப்பிடும் சுத்தியல், உருளையாகத் துளைத்தெடுத்து உடைத்துப் பார்க்கும் பரிசோதனை என்று வழிகள் உண்டு. எதைச் செய்வது என்று அவர் சொல்லுவார்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ், அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. சாதாரண வீடுகளுக்கான விண்ணப்பம் உங்கள் மாநகர அல்லது நகர சபை ஊடாகப் போகும். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். வங்கிக் கடனுக்கும் விற்பனைக்கும் பிறகு அதைத்தான் கேட்பார்கள். ஆனால் அனுமதி முத்திரை விழுந்துவிட்டதால் கட்டடம் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையொப்பமிட்ட படத்தின்படி கம்பி கட்டப்படுகிறதா என்று தினமும் வந்து பார்க்கப் போவது சபை இல்லை.

எதனால் கட்டுவது

அத்திவாரம் பலவீனம் என்று தெரிந்ததும் மனம் தளர வேண்டியதில்லை. இரண்டு வழி உண்டு. ஒன்று, பழைய சுவர்களைத் தொடாமல் புதுத் தூண்களை அவற்றுக்கென்று தனி அத்திவாரத்தில் இறக்கி, மாடியை அந்தத் தூண்களிலேயே நிறுத்துவது. பழைய வீடு கீழே தன் பாட்டில் இருக்கும். இடம் கொஞ்சம் போகும், செலவு கூடும், ஆனால் நிம்மதி. என் கையில் முடிவு இருந்தால் பழைய செங்கல் வீடுகளுக்கு அநேகமாக இதையே சொல்லுவேன்.

மற்றது, மேலே வைப்பதன் பாரத்தைக் குறைப்பது. ஜா-எல, ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் உருவாக்கிய முன்தகைப்புப் பீம் (உள்ளே கம்பியை இழுத்து இறுக்கி வார்த்த பீம்) முறை இலங்கையில் பரவலாகப் பயன்படுகிறது. தொழிற்சாலையில் வார்த்த மெல்லிய பீம்களை வரிசையாக வைத்து, மேலே மெல்லிய கொங்கிரீட் தளம் போடுவார்கள். சிலாப்பின் பாரமும் முட்டுக் கொடுக்கும் செலவும் குறையும். ஆனால் அந்தத் தளத்தின் மேல் நினைத்த இடத்தில் செங்கல் சுவர் எழுப்ப முடியாது, குழாய்க்காகப் பீமைக் கொத்தவே கூடாது. உள்ளே இழுத்துக் கட்டிய கம்பியை வெட்டினால் அந்தப் பீம் போய்விட்டது. பீமின் முனை சுவரில் எவ்வளவு படிந்திருக்க வேண்டும் என்பதைப் படத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இரும்புச் சட்டகமும் சீமெந்துப் பலகையும் இன்னும் பாரம் குறைந்தவை, வேகமாக முடியும், ஒடுக்கமான ஒழுங்கைக்குள் பொருள் கொண்டுபோவதும் சுலபம். கடலோரத்தில் துருதான் அதன் எதிரி. நாகமுலாம் பூசிய இரும்பு வேண்டும், வெல்டிங் செய்த இடங்களில் முலாம் எரிந்துபோவதால் அங்கே திரும்பவும் பூச வேண்டும். தண்ணீர் தேங்கும் அடித்தட்டுகளை வருடம் ஒரு தடவை குனிந்து பாருங்கள். இன்னொன்று, பாரம் குறைந்த கூரையைக் காற்று தூக்கும். 1978 சூறாவளிக்குப் பிறகு இலங்கையைக் காற்றுக்காக மூன்று வலயமாகப் பிரித்தபோது கொழும்பு காற்று குறைந்த வலயத்தில்தான் வந்தது. என்றாலும் ஆணியை மட்டும் நம்பிய தகடுகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பறக்கின்றன. கூரை சுவரோடும் சட்டகத்தோடும் போல்ட்டால் பிணைந்திருக்க வேண்டும்.

சுவருக்குச் செங்கலை விட்டு 4 அங்குலத் துளைக் கல் எடுத்தாலே பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறையும். மேல் மாடிக்குக் கொங்கிரீட் கூரை வேண்டுமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். "பிறகு இன்னொரு மாடி" என்ற எண்ணமே பாரத்தை இரட்டிப்பாக்குகிறது.

கொங்கிரீட் போடும் நாளுக்கு முன்பு

கம்பி கட்டி முடிந்த மாலையில் பொறியியலாளரை வரவழைத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். கொங்கிரீட் போட்ட பிறகு உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. கம்பியில் இலங்கைத் தர இலக்கம் 375, சாதாரண போட்லண்ட் சீமெந்துப் பையில் 107 இருக்கிறதா பாருங்கள். விட்டம் குறைந்த கம்பி வந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் நிறுத்துப் பார்க்கலாம். விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் நிறை கிலோவில் வரும். 12 மில்லிமீற்றர்க் கம்பி மீற்றருக்கு 0.89 கிலோ. 6 மீற்றர்த் துண்டு 5.3 கிலோவுக்குக் கிட்ட வர வேண்டும். தூணின் வளையக் கம்பிகள் ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று படத்தில் இருந்தால் ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று கட்டிவிட்டுப் போக விடாதீர்கள். பாரம் ஏறும்போது தூணின் நெட்டைக் கம்பி வெளியே வளையாமல் பிடித்து வைப்பது அந்த வளையம்தான்.

பல்கனியில் கொஞ்சம் நிற்போம். சாதாரண சிலாப்பில் முக்கியக் கம்பி அடிப்பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் நடுவில் தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும். சுவருக்கு வெளியே நீட்டி நிற்கும் பல்கனியில் இது தலைகீழ். கையை முன்னே நீட்டி நீர் நிறைந்த வாளியைப் பிடித்தால் தோளின் மேற்பக்கம் இழுபடுவது போல, பல்கனியில் இழுபடுவது மேற்பக்கம். அதனால் கம்பி மேலேதான் இருக்க வேண்டும், அதுவும் உள்ளே சிலாப்புக்குள் நீளமாகப் போய்ப் பிடித்திருக்க வேண்டும். படத்தில் இதைச் சரியாகப் போட்டிருப்பார்கள், கம்பி கட்டுகிறவரும் சரியாகவே கட்டுவார். அடுத்த நாள் கொங்கிரீட் வாளியோடு எட்டுப் பேர் அதன் மேல் நடப்பார்கள். மேலே இருந்த கம்பி மிதிபட்டுக் கீழே போய்விடும். மேற்பரப்பைத் தேய்த்து மெழுகியபின் யாருக்கும் தெரியாது. முட்டுக் கழற்றும் நாளில், அல்லது பத்து வருடம் கழித்து ஒரு பிறந்த நாளுக்குப் பிள்ளைகள் எல்லாம் பல்கனியில் கூடும்போது தெரியவரும். ஆகவே மேல் கம்பியைத் தாங்கும் கம்பிக் கதிரைகள் மூன்றடிக்கு ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள், நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள், பல்கனிக்குக் கொங்கிரீட் கொட்டும் பத்து நிமிடமாவது அங்கேயே நில்லுங்கள். கம்பி தாழ்ந்தால் "பாஸ், கம்பியைத் தூக்கிவிட்டுக் கொட்டுங்கோ" என்று சொல்லுங்கள். ஜன்னலுக்கு மேல் நீட்டும் சன்ஷேட்டுக்கும் இதே விதி.

கம்பிக்கும் பலகைக்கும் இடையே கொங்கிரீட் புகுவதற்குச் சீமெந்துக் கட்டைகள் வைப்பார்கள். சிலாப்புக்கு 20 முதல் 25 மில்லிமீற்றர், தூணுக்கு 40, அத்திவாரத்துக்கு 50 என்பது வழமை. கடலோரத்தில் பொறியியலாளர் இதைக் கூட்டுவார். கல் துண்டையும் ஓட்டுத் துண்டையும் வைக்க விடாதீர்கள். இந்த மறைப்புக் குறைந்தால் உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும், அதுவே கொங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோரத்தில் பல்கனிகளின் அடியை அண்ணாந்து பார்த்தால் இதைக் காணலாம். மணல் விஷயமும் இதோடு சேர்ந்தது. முத்துராஜவெலவில் குவித்துக் கழுவி விற்கும் கடல் மணல் பாவிக்கலாம். கழுவாத கடற்கரை மணலைக் கம்பி உள்ள எந்த வேலைக்கும் சேர்க்கக் கூடாது.

தண்ணீர்

நல்ல கலவையைக் கெடுப்பது பெரும்பாலும் குழாய்தான். 50 கிலோ சீமெந்துப் பைக்கு 25 லீற்றர் என்பது பொதுவான அளவு, ஈர மணலில் இருக்கிற தண்ணீரும் அதற்குள் அடக்கம். பரப்பச் சுலபமாக இருக்கட்டும் என்று இன்னும் பத்து லீற்றர் விட்டால் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். லொறியில் வரும் தயார் கலவையும் காலி வீதி நெரிசலில் மாட்டி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சுழன்றிருந்தால், இறுகிவிட்டதென்று தண்ணீர் ஊற்றுவார்கள். அனுப்பிய நேரம் சிட்டையில் இருக்கும், வாசித்துப் பாருங்கள். கலவையிலிருந்து 150 மில்லிமீற்றர்க் கட்டிகள் எடுத்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். 7ஆம் நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருந்தால் போக்கு சரி.

போட்ட பிறகு தண்ணீர் வேண்டும். குறைந்தது ஏழு நாள் ஈரம் காயக் கூடாது. ஊரில் செய்வதுபோல் சிலாப்பின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் கொழும்பில் இன்னொரு தொல்லை, டெங்கு நுளம்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடுவது இருக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். ஈரச் சாக்கு விரித்து நாளுக்கு மூன்று நான்கு தடவை நனைப்பது நல்லது. முட்டுகளைப் பொறியியலாளர் சொல்லும்வரை எடுக்க வேண்டாம். இங்கு பொதுவாகச் சிலாப்புக்கு 14 நாளும் பீமுக்கு 21 நாளும் வைப்பார்கள். பல்கனி முட்டைக் கடைசியாக, வெளி நுனியிலிருந்து உள்நோக்கிக் கழற்ற வேண்டும். முட்டு இருக்கும்போதே மேலே செங்கல்லும் மணலும் குவிக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

குடியேறிய பிறகு

ஆயிரம் லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். அதன் இடம் தூண்களின் மேல் நிற்கும் பீம்; சிலாப்பின் நடுவும் அரைக்கல் சுவரின் தலையும் அதற்கு ஆகாது. மொட்டை மாடியில் தோட்டம் போடுகிறவர்கள் கவனியுங்கள், நனைந்த மண் ஒரு கன அடி 50 கிலோவுக்கு மேல். தொடர்மாடியில் வீடு வாங்கியவர்கள் சுவர் இடிப்பதற்கோ தளத்தில் குழாய் புதைக்கக் கொத்துவதற்கோ முன்னால் கட்டமைப்புப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். "இது வெறும் மறைப்புச் சுவர்" என்பதைப் படம் சொல்ல வேண்டும், டைல் ஒட்ட வந்தவர் சொல்லக் கூடாது.

வெடிப்பு வந்தால் பதற்றமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பூச்சில் மட்டும் மயிரிழை போல வலையாகத் தெரிபவை பெரும்பாலும் சாந்து காய்ந்ததால் வந்தவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, மேலே போகப் போக அகலும் வெடிப்பு அத்திவாரம் ஒரு பக்கம் தாழ்வதைச் சொல்லலாம். கொங்கிரீட்டில் கம்பி போகும் திசையிலேயே நீளமாக வெடித்து, பழுப்புக் கறை கசிந்தால் அது துரு. பீமின் முனையில், சுவருக்குக் கிட்ட, சாய்வாக வரும் வெடிப்பைக் கண்டால் அன்றைக்கே பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். மற்றவற்றுக்கு, வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், குறுக்கே ஒரு சிறிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் அசைவு நிற்கவில்லை என்று அர்த்தம். வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டுச் சுவர்களையும் அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்து ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், பிறகு வரும் வாக்குவாதம் பாதி குறையும்.

கதவுகள் திடீரென்று இறுகினால், புது வெடிப்பு ஒரு நாளிலேயே அகன்றால், சுவருக்குள்ளிருந்து சத்தம் கேட்டால், பூச வேண்டாம், முட்டுத் தேடி ஓடவும் வேண்டாம். எல்லோரையும் வெளியே எடுங்கள், கீழ் வீட்டாரையும் சேர்த்து. சுவிட்சும் வால்வும் கையெட்டும் இடத்தில் இருந்தால் போகிற வழியில் மின்சாரத்தையும் காஸையும் நிறுத்துங்கள், தாங்கித் தண்ணீரை வெளியிலிருந்து திறந்துவிட முடிந்தால் திறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். பொறியியலாளர் வந்து பார்த்துச் சொல்லும்வரை பத்திரம் எடுக்கவென்றும் யாரும் உள்ளே போகக் கூடாது.